புடவை கட்டிய சம்பந்தி

என்னுடைய கல்யாணப் புடவையை என் வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டு, முந்தானை மடிப்புக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு ஊக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது.

"அத்தை, பெருமாள்மலை தாண்டிட்டோம்."

பேசியது கார்த்திக். என் மகள் பவித்ராவும் அவனும் திண்டுக்கல்லில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். கட்டிக்கொள்வது என்று அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி. பையன் வீட்டார் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர்கள்.

"யாரு தாண்டுனது?" ஊக்கை விழுங்காமல் கேட்டதே பெரிய விஷயம்.

"நான், அம்மா, மாமா. அடுத்த வாரம் நாள் சரியில்ல, இன்னிக்கே போய்ப் பொண்ணப் பாத்துட்டு வந்துருவோம்னு மாமா சொல்லிட்டாரு. முன்னாடியே சொல்லலாம்னுதான் பாத்தேன், வழியில டவர் இல்ல."

பழனி ரோட்டு வளைவுகளில் டவர் கிடைக்காது, வாஸ்தவம்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்திருக்குமே, அப்போது வாய் எங்கே போனது? கேட்க நேரமில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். முகம் முழுக்க மஞ்சள், கண்ணில் மை, இடுப்பில் ஒட்டியாணம், மூக்கில் ஒட்டவைத்த புல்லாக்கு. மீசை எடுத்த இடம் மட்டும் என்ன பூசியும் தனியாகத் தெரிந்தது.

"என்னவாம்?" என்றாள் ரதிதேவி, கட்டைக் குரலில்.

"பொண்ணு பாக்க வர்றாங்களாம்."

"யாரை?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனில் மறுபடியும் கேட்டேன்: "தம்பி, உங்க மாமனார் வேஷம் கட்டுறாருன்னு வீட்டுல சொல்லிட்டியாப்பா?"

"பக்குவமாச் சொல்லணும் அத்தை. நேரம் பாத்துட்டிருக்கேன்."

"இன்னும் அரை மணி நேரந்தான் கெடக்கு. நல்லாப் பாரு."

ஏரியைத் தவிர என்ன இருக்கு?

போன வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை பார்க்கிற லாட்ஜ் சமையலறைக்குள் புகுந்து பூண்டு மாலையைத் தூக்கிக்கொண்டு போன குரங்கைப் பற்றி எழுதியிருந்தேன். மதுரையிலிருந்து ஒரு வாசகர், "குரங்கு இருக்கட்டும் அம்மா, கொடைக்கானலில் ஏரியையும் பாறையையும் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். லாட்ஜ் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி தினமும் சாப்பாடு மாதிரி. படகு விட்டாச்சு, குதிரை ஏறியாச்சு, சாக்லேட் வாங்கியாச்சு, இனி என்ன என்று நிற்பார்கள்.

மனுஷங்களைப் பாருங்க என்று சொல்வேன்.

இந்த ஊரில் எந்த மாதம் வந்தாலும் எவராவது ஒருவர் எதையாவது கொண்டாடிக்கொண்டிருப்பார். பனி பிடித்துக் கிடக்கிற மாசத்தில் திபெத்துக்காரர்களுக்குப் புதுவருஷம் பிறக்கும். கைகோத்து ஆடுவார்கள், வேடிக்கை பார்க்கிறவர்களையும் இழுத்துவிடுவார்கள். இரண்டு சுற்றில் எனக்கு மூச்சு வாங்கும். எழுபது தாண்டிய திபெத்துப் பாட்டிமார் ஆடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பூம்பாறையில் தேர் என்றால் முன்னால் ஒரு கூட்டம் இழுக்கும், சரிவில் ஓடிவிடாமல் பின்னால் ஒரு கூட்டம் வடத்தை இழுத்துப் பிடிக்கும். மாதா கோயில் திருவிழாச் சப்பரத்துக்கு மேளம் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலிலும் வாசிப்பவர்கள்தான். ஓணத்துக்கு மலையாளத்து பேக்கரிக்காரர் கடை வாசலில் பூக்கோலம் போட்டால், பூவை மிதிக்காமல் பன் வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும்.

பிறகு பள்ளிக்கூட நாடகங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில்தான் என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. கோட்டை, கப்பல், காடு என்று எதைக் கேட்டாலும் பலகையில் அடித்து மேடையில் நிறுத்திவிடுவார். நாடகத்தைத் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். வீட்டுக்கு வந்து, "அந்தப் பொண்ணு அழுதா பாரு, கையத் தொங்கப்போட்டு அழுதா. கை சும்மா இருந்தா அழுகை பொய்யாத் தெரியும்" என்று சொல்வார். பாஷை தெரியாமலே இவ்வளவு விமரிசனம். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவின் ரதி அவர்தான்.

பெயர் சொல்லக் கூடாதவர்

நான் பள்ளங்கி ஊர்க்காரி. பூண்டு, உருளைக்கிழங்குக் குடும்பம். கட்டிக்கொண்டு வந்த இடம் சிலோன்காரர்கள் தெரு. என் வீட்டுக்காரர் சந்திரனின் அப்பா, அம்மா, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாருமே அந்தக் கரையில் தேயிலைத் தோட்டங்களில் இருந்துவிட்டுக் கப்பலேறித் திரும்பி வந்தவர்கள். தகரப் பெட்டிகளோடு காமன் கூத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவத்திலிருந்த சிவன்மேல் மன்மதன் பூவம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான், ரதி அழுகிறாள். மாசியில் கம்பம் நட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் வேஷம் கட்டுகிற இரண்டு பேருக்கும் காப்புக் கட்டுவார்கள். வேறு ஊர்களில் இரவெல்லாம் நடக்கும். எங்கள் ஊர்க் குளிருக்கும், இருட்டியதும் தெருவில் உலாத்துகிற காட்டெருமைகளுக்கும் பயந்து, பௌர்ணமியன்று மத்தியானமே ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்துவிடுவோம்.

காப்புக் கட்டிவிட்டால் அந்த இரண்டு பேரும் வீட்டுக்கு வரக் கூடாது. கம்பத்தடிக் கொட்டகையில்தான் சாப்பாடும் தூக்கமும். தெருவைத் தாண்டக் கூடாது. கறி, மீன் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர்களுடைய சொந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. சந்திரன் அங்கே இல்லை, ரதிதான் இருக்கிறாள். மன்மதன் வேஷம் ஆட்டோ ஓட்டுகிற டேவிட்டுக்கு. அவருக்கு அது தவக்காலம். "எப்படியும் கறி கெடையாதுக்கா, ஒரே விரதத்துல ரெண்டு பக்கமும் முடிச்சிருவேன்" என்பார்.

ஒரு இடைச்செருகல். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாசியில், சந்தைக்கு வந்த நான் இந்தக் கூத்தை வேடிக்கை பார்க்க நின்றேன். ரதி அழுத அழுகையில் என் கூடையில் இருந்த பூண்டெல்லாம் நனைந்துபோனது. அடுத்த வாரமே அந்த ரதி சட்டை போட்டுக்கொண்டு வந்து என்னிடம் பூண்டு வாங்கினார். ஆக, என் வீட்டுக்காரரைப் புடவையில் பார்த்து ஆசைப்பட்டவள் நான். எனக்கு அதில் வெட்கமும் இல்லை, ஒளிவும் இல்லை.

ஆனால் பழனியிலிருந்து வருகிற மாமாவுக்கு இருக்குமே! அவரைப் பற்றிப் பவித்ரா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கார்த்திக்கின் அப்பா அவன் சிறு பையனாக இருக்கும்போதே தவறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். பொண்ணு சிலோன்காரங்க வீடு என்றதுமே முகத்தைச் சுளித்தாராம். "குடும்பம் கவுரவமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுத்தான் மத்தது" என்று சொல்லியிருந்தாராம். அந்தக் கவுரவம் இப்போது கொட்டகையில், ஸ்டூலில் உட்கார்ந்து காதில் ஜிமிக்கி மாட்டிக்கொண்டிருந்தது.

கூத்துக்குப் பொறுப்பான ஆறுமுகம் அண்ணனிடம் ஓடினேன். கையில் மாவிலையோடு நின்றார்.

"அண்ணே, ஒரு மணி நேரம். காப்ப அவுத்துட்டு, சட்டையப் போட்டு உக்கார வச்சுட்டு, திரும்பக் கட்டிருவோம்."

"ஏலாது தாயி. கட்டுனா கட்டுனதுதான். விளங்குச்சா?"

விளங்கியது. அடுத்த யோசனை: வருகிறவர்களைப் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்குக் கூட்டிவந்து, காபி கொடுத்து, அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி, ஊர்வலம் தொடங்குவதற்குள் அனுப்பிவிடுவது. வீட்டுக்குள் தலை வாரிக்கொண்டிருந்த பவித்ராவிடம் சொன்னேன். சீப்பை வைத்துவிட்டாள்.

"அப்பாவ மறைச்சு வச்சு எனக்கு ஒரு கல்யாணமும் வேணாம்மா."

"ஒரு நாளைக்குத்தானடி."

"புடவையில பாத்துட்டு எந்திரிச்சுப் போறவங்க, சட்டையில பாத்துட்டு உக்காந்தா மட்டும் எனக்கு என்ன ஆகப்போகுது? போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிரக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையனை எவ்வளவு பிடிக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

பள்ளத்தில் மன்மதன் கட்சி

கூத்து ரதி மன்மதன் கல்யாணத்தோடுதான் தொடங்கும். எங்கள் தெரு ஏற்றமானது. மேட்டில் இருக்கிற வீடுகளெல்லாம் ரதி கட்சி, பெண் வீட்டார். கீழே தெருமுனையிலிருந்து ஏறி வருகிறவர்கள் மன்மதன் கட்சி. மன்மதனுக்குச் சொந்த பந்தம் வேண்டுமே, எங்கே போவது? அதனால் தெருவுக்கு வெளியிலிருந்து யார் வந்தாலும் மன்மதன் கட்சிதான். வந்தவர் யார், எந்த ஊர், என்ன சாமி என்று கேட்பதில்லை. கையில் ஒரு சீர்த்தட்டைக் கொடுத்து நடக்கவிட்டுவிடுவார்கள்.

ஆகவே மன்மதனுக்கு வருஷா வருஷம் வாய்க்கிற சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும்! அந்த வருஷம் கம்பளம் விற்கிற காஷ்மீர்க்காரர் தேங்காய்த் தட்டோடு நின்றார். பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம். என் தோழி தோல்மாவிடம் வளையல் தட்டு. ஏரிப்பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் திபெத்துக்காரி. அவர்கள் புதுவருஷத்துக்குப் பொரித்த பிஸ்கெட்டையும் ஒரு தட்டில் அடுக்கிச் சீரோடு சேர்த்துவிட்டாள். மன்மதன் வேண்டாம் என்றா சொல்லப் போகிறான்?

இந்தக் கூட்டத்துக்குள்தான் பழனிக் கார் வந்து நின்றது. கீழே நடந்ததைத் தோல்மாதான் பிறகு எனக்கு நடித்தே காட்டினாள்.

வெள்ளை வேட்டி, கையில் பழத்தட்டோடு மாமா இறங்கி, முதலில் தென்பட்ட அவளிடமே கேட்டிருக்கிறார்: "ஏம்மா, ஸ்கூல்ல வேலை பாக்குற சந்திரன் வீடு எது?"

தோல்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ சார், அந்தப் பேரை இன்னிக்குச் சொல்லக் கூடாது!"

"ஏன், என்ன பண்ணாரு?"

"அவரு இப்ப இல்ல சார். பௌர்ணமி முடிஞ்சாதான் வெளிய வருவாரு."

பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டிருக்கிறார். எல்லாரும் ஒரே மாதிரி 'உஸ்' என்றிருக்கிறார்கள். மாமா மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே கார்த்தி, எதும் போலீஸ் கேஸா?"

கார்த்திக் பக்குவமான நேரத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டது. கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வந்த ஆறுமுகம் அண்ணன், வந்தவர்கள் யார் என்று பார்க்கவில்லை. கீழே நிற்கிறார்கள், மன்மதன் கட்சி, அவ்வளவுதான். "பெரியவரே, பழம் வேற யாரும் தூக்கட்டும், நீங்க இதப் பிடிங்க" என்று பழத்தட்டை வாங்கிக்கொண்டு, மன்மதனின் வில்லுக்கான முழுக் கரும்பை மாமாவின் தோளில் சாத்திவிட்டார்.

கார்த்திக்கின் அம்மா தெய்வானை அம்மாள் காருக்குப் பக்கத்திலேயே ஒதுங்கி நின்றிருக்கிறார். எப்போதும் அவர் நிற்பது அப்படித்தானாம். புருஷன் போன பிறகு எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்ததில்லை. நாத்தனார் மகளுக்குக் காது குத்தியபோது சமையல்கட்டில் இருந்தாராம். சொந்தக் கடையில் ஆயுத பூஜை நடந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கும்பிடுவாராம். யாரும் போ என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

"என்ன தாயி, கைய வீசிட்டு நிக்கிறீங்க? கூட்டத்துல மூத்தவங்க நீங்கதான். முன்னுக்கு வாங்க." பூ, மஞ்சள், குங்குமம், தாலிக்கயிறு வைத்த முதல் தட்டை ஆறுமுகம் அண்ணன் அவர் கையில் வைத்துவிட்டார்.

"இல்லைங்க, அவங்க..." என்று ஆரம்பித்தார் மாமா.

"அவங்களுக்கு என்ன?"

நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. தப்பு உச்சத்தில் அடித்தது. பின்னாலிருந்து பிள்ளைகள் தள்ளினார்கள். ஊர்வலம் ஏறத் தொடங்கிவிட்டது.

"எங்க அப்பாங்க"

மேட்டில் ரதிக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்தது இதைத்தான்: முன்னால் ஒரு அம்மாள். வெறும் நெற்றி, வெளிர்நிறச் சேலை, கையில் மங்கலத் தட்டு. பின்னால் கரும்போடு ஒரு பெரியவர், முகம் கடுகடுவென்று. அதற்கும் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கார்த்திக்.

என் உயிர் போய்விட்டது. யார் என்று சொல்லவா வேண்டும்?

மன்மதன் கட்சியின் மூத்த பெண் ரதிக்குப் பூ வைக்க வேண்டும். அதுதான் கல்யாணத்தின் முதல் சடங்கு. தெய்வானை அம்மாள் எதிரே வந்து நின்றார். ரதியை ஏற இறங்கப் பார்த்தார். முகவாய்க்கட்டையில் மஞ்சளையும் மீறிப் பச்சையாகத் தெரிந்த தாடியில் அவர் பார்வை நின்றது.

"இது யாருங்க?" என்றார் மெல்லிய குரலில்.

பெயரைச் சொல்லக் கூடாதே. அப்போதுதான் பவித்ரா என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"எங்க அப்பாங்க," என்றாள். தப்புச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, நன்றாக நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"அப்பாவா!" மாமாவின் தோளிலிருந்து கரும்பு சரிந்து காஷ்மீர்க்காரரின் காலில் விழுந்தது. "கார்த்தி, வண்டிய எடு. வெரசா எடுலே."

கார்த்திக் நகரவில்லை. வண்டியை எடுக்கவும் முடியாது, தெரு முழுக்க மன்மதனுடைய சொந்தக்காரர்கள். என் வீட்டுக்காரர் சந்திரனாக ஒரு வார்த்தை பேச முடியாது. ரதியாக என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். பூ வாங்கத் தலையைக் குனிந்து நின்றார்.

தெய்வானை அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். தட்டிலிருந்து பூச்சரத்தை எடுத்து, இரண்டு மூன்று தடவை தவறி, கடைசியில் அந்தச் சவுரிக் கொண்டையில் சொருகிவிட்டார். மேட்டிலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

"அக்கா, என்ன பண்ற நீ?" என்று மாமா பல்லைக் கடித்தார். அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பூவை எடுக்க வேண்டும்

கல்யாணம் நடந்தது. டேவிட் பூவம்பு விட்டார். வைக்கோல் காமன் எரிந்தான். மலையில் வெயில் சட்டென்று இறங்குமே, அப்படி இறங்கிக்கொண்டிருந்தது. ரதி கம்பத்தைச் சுற்றி வந்து அழத் தொடங்கினாள்.

"வச்ச பூ வாடலியே, வந்த சனம் கலையலியே,
குளிச்ச மஞ்சத் தண்ணி கொல்லையில வத்தலியே..."

என் வீட்டுக்காரருக்கு அழும்போது கை சும்மா இருக்காது. மண்ணை அள்ளும், வளையலை உருட்டும், இல்லாத ஒருத்தனின் சட்டையைப் பிடித்து இழுக்கும். வருஷா வருஷம் பார்க்கிற நானே அழுதுவிடுவேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கண் மாமாமேல், ஒரு கண் அந்த அம்மாள்மேல். கூத்து முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும், மகளை எப்படித் தேற்றுவது என்பதுதான் யோசனை.

இதற்கு அடுத்து ஒரு சடங்கு உண்டு. பூ வைத்த மாமியாரே வந்து ரதியின் தலைப்பூவை எடுக்க வேண்டும். இது என் புத்தியில் உறைத்தபோது ஆறுமுகம் அண்ணன் அந்த அம்மாளிடம் போய்விட்டார். "ஐயோ, வேண்டாமே" என்று எனக்குப் பதறியது.

"தாயி, வந்து பூவ எடுங்க."

தெய்வானை அம்மாள் எழுந்தார். ரதியின் முன்னால் வந்து நின்றார். கை கொண்டை வரை போனது. அங்கேயே நின்றது.

"எடுக்க மாட்டேன்," என்றார்.

"வழக்கம் தாயி. எடுத்தாத்தான் அடுத்தது நடக்கும்."

"எனக்கு எடுத்தாங்க. கூட்டமா நின்னு எடுத்தாங்க. நான் யாருக்கும் எடுக்க மாட்டேன்." குரல் உடைந்து, பிறகு உரத்துவிட்டது. "நான் வச்ச பூ. அது அங்கனயே இருக்கட்டும்."

தப்பு நின்றுவிட்டது. கூத்து இப்படிப் பாதியில் நின்றதாக எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. ஆறுமுகம் அண்ணன் வாய் திறந்தபடி நிற்கிறார். எரிந்துபோன மன்மதனான டேவிட் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்க்கிறார். மாமா எழுந்து வந்து, "அக்கா, போதும், வா போலாம்" என்று கையைப் பிடித்தார். அந்த அம்மாள் கையை உதறினார்.

அந்த அமைதியில் ரதிதான் பாடினாள். அதுவரை எந்த வருஷமும் பாடாத பாட்டு.

"எடுக்க வந்த மகராசி எடுக்கலியே எம்பூவ,
எரிஞ்சவரு வந்து பாக்க இருக்கட்டுமே எம்பூவு..."

பாடிக்கொண்டே அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவரும் அப்படியே தரையில் உட்கார்ந்து, கொண்டையில் பூவோடு இருந்த அந்தத் தலையைக் கட்டிக்கொண்டு, ஊரறிய ஓவென்று அழுதார். அப்பா செத்த அன்றைக்குக்கூட அம்மா இப்படி அழுது பார்த்ததில்லை என்று கார்த்திக் பிறகு சொன்னான். அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தாராம்.

எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. தோல்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைவிடப் பலமாக அழுதாள். ஆறுமுகம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, தப்புக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். கூத்து தொடர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் ரதியின் பூவை எடுப்பதில்லை.

காபி

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார்கள். அப்பா இல்லாமலே பெண் பார்த்தல். அவருக்குத்தான் இன்னும் காப்பு அவிழ்க்கவில்லையே, வாசலுக்கு எதிரே கொட்டகையில் புடவையோடு உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபியை நீட்டினேன். மாமா வாங்காமல் கூரையையே பார்த்தார்.

"பவித்ராவ வரச் சொல்லட்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பொண்ணப் பாத்தாச்சுங்க," என்றார் தெய்வானை அம்மாள்.

"அவ இன்னும் வெளியவே வரலிங்களே..."

"தெருவுல அத்தனை பேரு முன்னால 'எங்க அப்பாங்க'ன்னு சொன்னாள்ல. அப்பவே பாத்துட்டேன். அதுக்கு மேல என்னத்தப் பாக்க?" காபியை ஒரு வாய் குடித்தார். "நல்லது கெட்டதுன்னு பாக்காம என் கையில தட்டக் குடுத்த வீடு. நான் இங்கதான் சம்பந்தம் வைப்பேன்."

மாமா கனைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். டம்ளரைக் கையில் எடுத்தார்.

"அழுறதெல்லாம் நல்லாத்தான் அழுறாரு," என்றார். "கல்யாணத்துக்கு மட்டும் சட்டை போட்டுட்டு வரச் சொல்லுங்க."

உள்ளே சமையல்கட்டில் பவித்ரா எதையோ கீழே போட்டாள்.

பழனியில்

கல்யாணம் பழனியில். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியும் சட்டையும் போட்டு, திரும்ப முளைத்த மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். மண்டப வாசலில் பெண் வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க ஆரத்தி, பூ, சந்தனம் எல்லாம் தயாராக இருந்தது. எங்கள் பக்கம் தோல்மா, டேவிட், கம்பளக்காரர், பேக்கரிக்காரர், ஆறுமுகம் அண்ணன் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். பழனிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவர் தெய்வானை அம்மாள். கூட்டத்திலிருந்து அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒருவர் வந்து, தணிந்த குரலில், "இங்க குடு தெய்வான, நீ அந்தப் பக்கம் நில்லு" என்று தட்டில் கை வைத்தார்.

அவர் தட்டை விடவில்லை.

"கொடைக்கானல்ல குடுத்தது பெரியம்மா. இன்னும் கீழ வைக்கல."

பக்கத்தில் நின்ற மாமா, "விடுங்க, அக்காதான் பிடிக்கணும்" என்று சொல்லி நாதஸ்வரக்காரரைப் பார்த்து ஊதச் சொன்னார்.

தெய்வானை அம்மாள் எங்களுக்கு எதிரே வந்து நின்றார். தட்டிலிருந்து பூவை எடுத்தார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, மீசையும் சட்டையுமாக, பழக்க தோஷத்தில் அவருக்கு முன்னால் தலையைக் குனிந்துவிட்டார்.

மண்டபமே சிரித்தது. தெய்வானை அம்மாளும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நிமிருங்க சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, அந்தப் பூவை என் தலையில் வைத்தார்.